கல்லும் நீரும் – யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொல்லிடங்கள்

ஒரு நாட்டின் பழமையை அறிய விரும்புவோர்க்கு நூற்கல்வி ஒரு வழி. அந்நாட்டின் ஊர்களையும் அழிபாடுகளையும் இயற்கை நிலையையும் நேரிற் சென்று காண்டல் மற்றொரு வழி. இவற்றுள் முன்னையது யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு நன்கு பழகிய வழி. பின்னையதிலோ அவர் நாட்டம் பெரும்பாலும் தொலைவிடங்களையே பற்றியுள்ளது. அனுராதபுரத்தையும் பொலனறுவையையும் காணக் கல்விச் சுற்றுலாச் செல்வோர் பலர். தம் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டு மதிய உணவுக்கு மீளக்கூடிய தொலைவிலுள்ள கந்தரோடையைக் கண்டோர் சிலரே. மதுரையிலும் தஞ்சையிலும் உள்ளவை போன்ற ஓங்கிய கோபுரங்களும் கருங்கன் மண்டபங்களும் இங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம்.

காரணம் பொய்யன்று. இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக மக்கள் இடையறாது வாழ்ந்துவந்த இந்நிலத்தில், கண்ணைக் கவரும் பழங்கட்டடங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆயின் அவை ஏன் எஞ்சவில்லை என்னும் வினாவை எழுப்பி அதற்கு விடை தேடிச் செல்வோர்க்கு, இக்குடாநாடே ஒரு பெரிய ஏடாக விரியும். அவ்வேட்டைப் படித்தற்கு அறிந்திருக்க வேண்டிய எழுத்துக்கள் இரண்டு: ஒன்று கல், மற்றொன்று நீர். நீர் இருந்த இடமே மக்கள் குடியேறிய இடம். அங்கு எழுந்த கட்டடத்தின் கல்லே, அடுத்து வந்தோரின் கட்டடத்துக்கும் கல்லாயிற்று.

நிலத்தின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்தது. பண்டைக் கடலடியிற் படிந்த உயிரினங்களின் ஓடுகள் இறுகியதனால் உண்டாகிய இப்பாறை, மண்வெட்டி சில அடி ஆழம் சென்றதும் தட்டுப்படும் அளவுக்கு மேற்பரப்பை அணுகியுள்ளது. மலையில்லை; ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமில்லை. வலிகாமத்தின் ஊடாகச் சென்று அராலிப் பக்கத்துக் கடனீரேரியில் விழும் வழுக்கையாறு மாரி காலத்தில் மாத்திரம் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே இந்நிலத்தின் முதற்பெருஞ் செல்வம்.

பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே கீழிறங்கி, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளையும் வழிகளையும் ஆக்கி, அவற்றிலே தங்குகின்றது. நாற்புறத்திலிருந்தும் கடனீர் நிலத்தின் கீழ் ஊடுருவியுள்ளது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின், அஃது உவர்நீரின் மேல், நடுவிற் பருத்து ஓரங்களில் மெலிந்த வில்லை வடிவில் மிதக்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அதன் கீழ் நாற்பதடியளவு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கூறும் பொதுக் கணக்கு. இக்கணக்கின் மறுபுறம் அச்சந் தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறையும். அளவிறந்து இறைத்தால் கிணறு உவர்க்கும். துலாவிட்டு இறைத்த முன்னோர் இக்கணக்கை ஏட்டிற் கற்றிலர். ஆயினும் துலா அவர்களைக் கணக்கு மீறாது காத்தது.

இத்தகைய நிலத்துக்கு ஒப்பாகக் கூறத்தக்கது மத்தியதரைக் கடலின் நடுவிலுள்ள மோல்டாத் தீவாகும். அதுவும் சுண்ணக்கற் றரை. அங்கும் நிலையான ஆறு இல்லை. அங்கும் ஒருவர்பின் ஒருவராகப் பல இனத்தவர் கடல்வழி வந்து ஆண்டனர். ஆயினும் அங்கு, எகிப்தியப் பிரமிட்டுக்களுக்கு முற்பட்ட கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. உலகெங்குமிருந்து மக்கள் சென்று அவற்றைக் காண்கின்றனர். கல் ஒத்ததாயினும் விதி ஒத்ததன்று. அவ்வேறுபாட்டின் காரணத்தைக் குடாநாட்டின் தொல்லிடங்களே கூறும்.

கந்தரோடை

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், சுன்னாகத்தை அடுத்து, வயலும் குளமும் பனையும் சூழ அமைந்த சிற்றூர் கந்தரோடை. நல்லூர்க்கு முற்பட்ட தலைநகராகிய கதிரமலை இதுவே என முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் வெளிவந்த 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலில் எடுத்துரைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1917 முதல் 1919 வரையில், போல் ஈ. பீரிஸ் என்னும் அறிஞர் இங்கு ஆராய்ச்சி நடாத்தித் தூபிகளின் சிதைவுகளையும் பழங்காசுகளையும் வெளிப்படுத்தினார். முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும், இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும், உரோம நாட்டு நாணயங்களும் ஒரே ஊரிற் கிடைத்தமை, அக்காலத்து இவ்வூர் எத்துணைப் பரந்த வாணிகத் தொடர்புடையதாயிருந்தது என்பதை அறிவிக்கும்.

1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் இங்கு அகழ்ந்தபோது, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் தமிழகத்தின் அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றை ஒத்த மட்பாண்டங்களும் வெளிவந்தன. கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே மக்கள் இங்கு நிலையாகக் குடியிருந்தனர் என்பது அதனால் உறுதியாயிற்று. 1980 ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் கண்ட பெருங்கற்காலப் புதைகுழியும், அதிற் கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் இம்முடிவுக்கு மேலும் வலுவூட்டின.

இன்று செல்வோர் காண்பது, வேலியிட்ட சிறு நிலத்தில் நெருங்கி நிற்கும் வட்டத் தூபிகளின் கூட்டத்தையேயாம். மனித உயரத்தை ஒத்தனவும் அதனினும் சிறியனவுமாக முருகைக் கல்லாலும் சுண்ணக் கல்லாலும் அமைந்த இவற்றுட் பல, சிதறிக் கிடந்த கற்களைத் தொல்லியற் றிணைக்களத்தார் சேர்த்து மீள அமைத்தவை. அனுராதபுரத்து வானளாவிய தாதுகோபங்களைக் கண்ட கண்ணுக்கு இவை வியப்பைத் தாரா. ஆயின் அவற்றின் நெருக்கமே ஒரு வினாவை எழுப்புகின்றது: இத்துணைச் சிறிய நிலத்தில் இத்துணைத் தூபிகள் எதற்கு? இறந்த துறவியரின் நினைவாக எழுந்தவை என்பார் சிலர். நேர்த்திக்காக எழுந்தவை என்பார் வேறு சிலர். இவை யாருடையவை என்பது பற்றியும் வழக்குண்டு. தமிழகத்திற் போல இங்கும் தமிழர் பௌத்தத்தைத் தழுவியிருந்த காலமொன்று உண்டு என்பதை மறவாதவர், அவ்வழக்கில் வெகுளியின்றிப் புகுவர்.

ஊர் இங்கு ஏன் எழுந்தது என்பதற்கு விடை, தூபிகளுக்கு அப்பால் உளது. வழுக்கையாற்றின் வடிநிலமும், குளமும், நெல் விளையும் தாழ்நிலமும், அதனையடுத்த செம்மண்ணும் ஒருங்கே அமைந்த இடம் இது. பொ. இரகுபதி 1987 இல் வெளியிட்ட யாழ்ப்பாணத்துத் தொல்குடியிருப்புக்கள் பற்றிய ஆய்வு நூலைக் கற்போர், பழைய குடியிருப்பு ஒவ்வொன்றும் நீரைப் பற்றி நின்றதைக் காண்பர்.

நிலாவரையும் கீரிமலையும்

நிலத்தடியில் நிகழ்வதைக் கண்ணாற் காண விரும்புவோர் புத்தூரை அடுத்த நவக்கிரிக்குச் செல்லுதல் வேண்டும். அங்குள்ள நிலாவரைக் கிணறு மனிதர் வெட்டியதன்று. நிலத்தடிக் குகையொன்றின் கூரை இடிந்து வீழ்ந்ததனால் உண்டாயது. இராமபிரான் தன் சேனையின் தாகந் தணிக்க அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊரார் கூறும் ஐதிகம். நூறடிக்கும் மேற்பட்ட ஆழமுடைய இந்நீர்நிலையின் மேற்பகுதியில் நன்னீரும் கீழ்ப்பகுதியில் உவர்நீரும் உள்ளன. முன்னர்க் கூறிய நன்னீர் வில்லை என்னும் கொள்கைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சதுரமாகக் கட்டப்பட்ட கரையில் நின்று, அசைவின்றிப் பசுமை காட்டும் நீரை நோக்குவோர், தாம் வாழும் நிலத்தின் உட்புறத்தையே நோக்குகின்றனர்.

அந்நிலத்தடி நீர் கடலை அடையும் வாயில்களுள் ஒன்று கீரிமலை. வடகரையில், அலை வந்து மோதும் கற்பாறையை ஒட்டி, உவர்ப்பில்லாத ஊற்று இடையறாது சுரக்கின்றது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனிக் கேணிகள் உள. கேணியில் மூழ்கியெழுவோன் ஒருபுறம் நன்னீரையும், ஒரு சுவர்க்கு அப்பால் நீலக் கடலையும் ஒருசேரக் காண்பான். ஆடியமாவாசையன்று பிதிர்க்கடன் கழிப்போர் பல்லாயிரவராகத் திரளும் தீர்த்தம் இது. கீரிமுகம் பெற்ற நகுல முனிவர் நீராடி அக்குறை நீங்கினார் என்றும், குதிரைமுகம் உற்ற மாருதப்புரவீகவல்லி இங்கு நலம்பெற்று மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயிலெடுப்பித்தாள் என்றும் வரலாறு கூறுப. நோய் தீர்க்கும் நீர் என்னும் நம்பிக்கையே ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாகிய நகுலேச்சரம் இக்கரையில் எழக் காரணமாயிற்று எனலாம்.

அக்கோயில் போர்த்துக்கேயரால் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடிக்கப்பட்டது. ஆறுமுகநாவலர் எடுத்த முயற்சியின் பயனாக 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. 1990 இல் வான்குண்டு வீச்சினாற் சேதமுற்றது. பல்லாண்டு மக்கள் அணுகவியலாதிருந்து 2012 இல் மறுபடி குடமுழுக்குக் கண்டது. கட்டடம் மும்முறை மாறியும் ஊற்று மாறிலது. இதனயலிலேயே, 1950 இல் நிறுவப்பட்டு 1990 இன் போர்ச் சூழலில் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் நீர் நிறைந்து கிடக்கின்றன. கல்லை எடுத்தால் நிலத்தடி நீர் வெளிப்படும் என்னும் உண்மையை அவையும் காட்டுகின்றன.

வல்லிபுரமும் மணற்காடும்

வடமராட்சியின் கீழ்க்கரையில் நிலத்தின் தோற்றம் முற்றும் மாறுகின்றது. காற்றுக் குவித்த வெண்மணல் மேடுகள் அலையலையாக உயர்ந்து செல்லும். அவற்றின் நடுவே வல்லிபுர ஆழ்வார் கோயில் நிற்கின்றது. இக்கோயிலின் அயலில் 1936 இல் கண்டெடுக்கப்பட்ட பொற்றகடு, ஈழத்து வரலாற்றில் மிக்க பேசுபொருளாகியது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளத் தொடங்கிய வசப மன்னன் காலத்தில், நாகதீவை நிருவகித்த அமைச்சன் ஒருவனது ஆட்சியின்கீழ் விகாரை ஒன்று அமைக்கப்பட்டதை அத்தகடு கூறுகின்றது. குடாநாட்டின் பண்டைப் பெயர் நாகதீவு என்பதற்கு இஃதொரு சிறந்த சான்று. வல்லிபுரத்திற் கிடைத்த புத்தர் சிலை ஒன்றைத் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் 1906 இல் சீய தேசத்து மன்னருக்கு அனுப்பிவைத்தார். பிறந்த மண்ணைவிட்டு நீங்கிய தொல்பொருள்களுள் அதுவும் ஒன்று.

தென்கிழக்கே மணற்காட்டில், மணல்மேடு மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் அரைகுறையாக வெளித்தெரிகின்றன. மனிதர் இடியாத கட்டடத்தைக் காற்று மூடிய காட்சி அது. வெறும் மணல் என்று கருதப்படும் இம்மேடுகளும் மழைநீரைத் தாங்கிவைத்துச் சூழவுள்ளோர்க்குக் குடிநீர் ஈவன. ஆதலின் கட்டட வேலைக்காக மணல் அகழ்வோர், காட்சியழகோடு கிணற்று நீரையும் ஒருங்கே அகற்றுகின்றனர்.

நல்லூர்

ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகராய் விளங்கிய நல்லூரில் அரண்மனையைத் தேடுவோர் ஏமாறுவர். நகரின் நாற்றிசைக் காவலாக அமைந்தன என்று கூறப்படும் கோயில்களைச் சுற்றி நடப்போர்க்கோ பழைய நகரின் பரப்புப் புலனாகும். வடக்கே சட்டநாதர் கோயில், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார் கோயில், தெற்கே கைலாசநாதர் கோயில், மேற்கே வீரமாகாளியம்மன் கோயில் என்பனவே அவை. இக்கோயில்கள் பிற்காலத்தில் மீளக் கட்டப்பட்டவையாயினும் இடமும் பெயரும் பழையன. அரசிறந்த பின்னும் நகரின் எல்லையைக் காத்து நிற்பவை அவையே.

1560 இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கிச் சூறையாடினர். 1619 இல் பிலிப் தெ ஒலிவேறா என்னும் படைத்தலைவன் இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலைத்தண்டம் பெற்றான். 1621 இல் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 18 ஆம் நூற்றாண்டில், வேறோரிடத்தில் எழுந்தது. பழைய கோயில் முத்திரைச்சந்தைப் பக்கத்தில், இன்று கிறித்தவ தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்தது என்பது பலர் கருத்து.

அரசர் கால நல்லூரில் மாறாது எஞ்சியது எது என வினவினால், விடை மீண்டும் நீரேயாம். பகரவடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி இன்றும் படிக்கட்டோடு கிடக்கின்றது. யமுனை நதியின் தீர்த்தத்தைக் காவடிகளிற் கொணர்ந்து சொரிந்தமையால் இப்பெயர் பெற்றது என்ப. சங்கிலித்தோப்பு வளைவும் மந்திரிமனையும் மன்னர் காலத்தன என ஊரார் போற்றினும், அவற்றின் தூண்களும் வளைவுகளும் ஒல்லாந்தர் காலக் கட்டடமுறையையே பெரிதுங் காட்டுகின்றன. அதனால் அவற்றின் மதிப்புக் குன்றிவிடாது. ஐரோப்பியர் கட்டடமுறையை உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் எவ்வாறு தமதாக்கினர் என்பதற்கு மந்திரிமனையின் மரவேலைப்பாடே சான்று. காக்கும் கை போதாமையால் அம்மனை மழையிலும் வெயிலிலும் நலிந்து சரிந்துவருதல் வருந்தத்தக்கது.

யாழ்ப்பாணக் கோட்டை

நல்லூரை விட்டுக் கடனீரேரியின் கரைக்கு ஆட்சியை மாற்றிய போர்த்துக்கேயர், அங்கு நாற்பக்கக் கோட்டை ஒன்றை எழுப்பினர். மூன்று திங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின் 1658 ஆனியில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பழையதை அகற்றி ஐங்கோண வடிவில் புதிய கோட்டையை அமைத்தனர். ஐந்து கொத்தளங்களும் அவர் நாட்டு மாகாணங்களின் பெயரால் ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்து, பிரீசுலாந்து என வழங்கின. வெளியரண்கள் முற்றுப்பெற்றது 1792 இல். மூன்றே ஆண்டில், 1795 இல், ஆங்கிலேயர் போரின்றி அதனைப் பெற்றனர். நூற்றாண்டுக்கு மேல் உழைத்துக் கட்டிய அரண் கட்டியவர்க்கு ஒருநாளும் பயன்படவில்லை.

கோட்டைச் சுவரைக் கிட்டநின்று நோக்குவோர் அதில் முருகைக்கல்லின் மடிப்புக்களைக் காண்பர். கடலிலிருந்து எடுத்த கல்லோடு, இடித்த கோயில்களின் கல்லும் இங்கு வந்து சேர்ந்தது என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தி வெறுங்கதையன்று என்பதைக் கோட்டையுட் கிடைத்த தூணொன்று காட்டிற்று. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு அத்தூணிற் பொறிக்கப்பட்டிருந்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து வெளியிட்டார். அண்மைய அகழாய்வுகளிலோ, போர்த்துக்கேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கரை கடல்வாணிபத் துறையாயிருந்தமையைக் காட்டும் பிறநாட்டு மட்பாண்டங்கள் கோட்டைத் தரையின் கீழிருந்து வெளிவந்துள்ளன.

சிலுவை வடிவில் 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம், இலங்கையிலுள்ள அவர்தம் கட்டடங்களுள் தலைசிறந்த ஒன்றாக மதிக்கப்பட்டது. 1990 இன் முற்றுகையிலும் அதன்பின் நிகழ்ந்தவற்றிலும் கோட்டை பெருஞ்சேதமுற்றது; தேவாலயம் கற்குவியலாயிற்று. கேட்பாரற்றுக் கிடந்த ஆண்டுகளிற் கோட்டைக் கற்கள் பலவாறு வெளியே சென்றன. 2009 இல் போர் முடிந்தபின் நெதர்லாந்து நாட்டின் உதவியோடு திருத்தவேலை தொடங்கியபோது, கடலில் முருகைக்கல் அகழ்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டிருந்தமையால் பழைய கற்களையே தேட வேண்டியதாயிற்று. கோயிற்கல் கோட்டைக்குச் சென்றது. கோட்டைக்கல் வேறெங்கோ சென்றது. பின்னர் அதனைத் தேடும் நிலை வந்தது. குடாநாட்டில் தொல்லிடங்கள் எஞ்சாமைக்குரிய காரணத்தை இந்த ஒரு கோட்டையின் வரலாறே தெளிவாக விளக்கிவிடும்.

தீவகம்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்வோர்க்கு, இருபுறமும் ஆழமற்ற கடலும், மீன்பிடி வலைக் கழிகளும், நாரையும் கொக்குமாக வேறோர் உலகம் விரியும். ஒல்லாந்தர் இத்தீவுகட்குத் தம் நாட்டு நகரப் பெயர்களை இட்டனர். வேலணை லைடன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், காரைதீவு அம்ஸ்ரடாம் எனவும் அவர் படங்களிற் குறிக்கப்பட்டன. அப்பெயர்கள் அவரோடு போயின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஒன்றே இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது.

ஊர்காவற்றுறை பண்டு ஊராத்துறை எனப்பட்ட பெருந்துறை. அதன் சிறப்பை உணர்த்துஞ் சான்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டாகும். பரதேசிகளாகிய வணிகர் ஊராத்துறைக்கு வந்திறங்க வேண்டும் என்றும், அவர்க்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அஃது ஆணையிடுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையின் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வேறு பண்டம் ஏற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன என அது விதித்தது. சிங்கள மன்னன் ஒருவன் கடல்வணிகர்க்கு உரைத்த ஆணையைத் தமிழிலே பொறித்தமை, அத்துறையில் வழங்கிய மொழி யாதென்பதைக் காட்டும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகர்க்கும் இடையே கடலின் நடுவில் நிற்பது கடற்கோட்டை. இலங்கையின் வடிவைப் பன்றித் தொடையிறைச்சிக்கு ஒப்பிட்ட ஒல்லாந்தர், இதனை அதன் குதிக்கால் என்னும் பொருளில் ஹமன்ஹீல் என்றனர். 1658 இல் இக்கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் நீர்த்தொட்டி கெட்டமையால், குடிநீரின்றி ஒல்லாந்தரிடம் சரணடைந்தனர். பீரங்கியினும் நீரே வலிது என்பது அன்று தெளிவாயிற்று. கைப்பற்றியவரும் அதனை உணர்ந்து பெரிய நீர்த்தொட்டி அமைத்தனர்.

புங்குடுதீவின் மேற்கெல்லையாகிய குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். காற்றுக் கடுமையான நாளில் அப்பயணம் எளிதன்று. அக்கடற்பாதையில் 1985 மே 15 ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற பொதுமக்கள், மகளிரும் குழந்தைகளும் உட்படப் பலர், கொல்லப்பட்ட துயரம் தீவார் நெஞ்சில் ஆறாத வடுவாக உளது.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நெடுந்தீவில், கல்லின் வரலாற்றைக் காண்பதற்கு ஏடும் வேண்டா, ஆசானும் வேண்டா. வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி, பனையோலை வேலிக்குப் பதிலாக முருகைக்கல் மதில்கள் நீண்டுசெல்லும். சாந்தின்றி, கல்லின்மேற் கல்லாகப் பொருத்தி அடுக்கப்பட்டவை அவை. இறங்குதுறைக்கு அண்மையில் இருமாடிகளாகக் கட்டப்பட்டிருந்த கோட்டையின் தடித்த சுவர்கள் கடலை நோக்கி நிற்கின்றன. ஒல்லாந்தர் தூதனுப்பப் புறா வளர்த்த கூடும், சாறாப்பிட்டிப் பக்கத்துக் குதிரை இலாயத் தூண்களும், தனியே நிற்கும் முதுபெரும் பெருக்கமரமும் காணத்தக்கன. மேற்குக் கரையிலுள்ள வெடியரசன் கோட்டை, மக்கள் வழக்கில் ஒரு வீரனுடைய கோட்டை. ஆய்வாளர் கண்ணில் அது பண்டைப் பௌத்த தூபிகளின் அடித்தளம். இவ்விரு வழக்கையும் ஒருங்கே கேட்டறிதல் நன்று.

ஐரோப்பியர் வளர்ப்புக்கெனக் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தவை தீவின் தெற்குப் புல்வெளியில் கட்டற்று மேய்கின்றன. ஆங்கிலேயராட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி இத்தீவை நிருவகித்துக் குதிரை வளர்த்தான். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கோடை முற்றிக் குட்டைகள் வற்றும்போது இக்குதிரைகள் நீர்தேடி அலையும். நீர் கிடையாத ஆண்டுகளில் மாளும். மன்னர் போயினர், படைகள் போயின. அவை விட்டுச்சென்ற உயிர்களோ இன்றும் ஒரு குட்டை நீரை நம்பி வாழ்கின்றன.

எஞ்சியவற்றின் எதிர்காலம்

மோல்டாவில் எஞ்சியவை இங்கு ஏன் எஞ்சவில்லை என்பது இப்பொழுது விளங்கும். பழங்கல்லை அடுத்தவன் எடுத்தாளுதல் எங்கும் நிகழ்ந்ததே. உரோமாபுரியின் பேரரங்கும் பல நூற்றாண்டுகள் பிறர் மாளிகைக்குக் கல் ஈந்தது. ஆயின் அங்கெல்லாம் ஒரு காலத்தில், "இனி இதனைத் தொடற்க" என்று ஒரு தலைமுறை முடிவு செய்தது. மோல்டாவின் ஹஜார் கிம் என்னும் கற்கோயிலை மழையும் வெயிலும் அரியாதபடி 2009 இல் பெரிய கூடாரமே அமைத்து மூடினர். யாழ்ப்பாணத்தில் அம்முடிவு இன்னும் முழுமையாக எடுக்கப்படவில்லை. இங்குள்ள கல் மெல்லியது; எளிதிற் பெயரும்; சூளையிலிட்டால் சுண்ணாம்பாகும். இத்தகைய கல்லுக்குக் கவனமே காவல்.

பெருஞ்செலவில் நிகழவேண்டிய காப்பு வேலை அரசுக்கும் அறிஞர்க்கும் உரியது. மாணாக்கராற் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தத்தம் ஊரிலுள்ள கேணி, துரவு, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், தெருமூடிமடம் என்பவற்றை அளந்து, படம் வரைந்து, அவைபற்றி முதியோர் கூறுவனவற்றை எழுதிவைத்தல் எவர்க்கும் இயலும். யாத்திரிகர் தங்கிய மடமும், ஆனிரை முதுகுரஞ்சிய கல்லும், கர்ப்பவதியாய் இறந்தவள் நினைவாக நட்ட சுமைதாங்கியும், வழியிற் செல்வோர்க்கு நீரும் நிழலும் அளித்தல் அறமென்று கருதிய மக்களின் ஆவணங்கள். வீதி அகலிக்கும்போதும் மதில் கட்டும்போதும் முதலில் மறைவன இவையே. மறைந்தபின் அவை இருந்தன என்பதற்கு அந்தக் குறிப்பேடு ஒன்றே சான்றாகும்.

நீரைப் பற்றிய கடமையும் இதனோடு சேர்ந்ததே. குளந் தூர்ந்து, மணல் அகன்று, கிணறு உவர்க்குமாயின், கந்தரோடை முதல் நெடுந்தீவு வரை மக்கள் வாழ்ந்தமைக்குரிய காரணமே அற்றுவிடும். அடுத்த விடுமுறையில் கீரிமலைக் கேணியில் நீராடச் செல்லும் இளைஞர், திரும்பும் வழியில் கந்தரோடையில் ஒரு நாழிகை தங்குவாராக. வயலோரத்தில் நிற்கும் அத்தூபிகளின் கல்லைத் தொட்டு, அயற்கிணற்றின் நீரையும் அருந்துவாராயின், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் அவ்விடத்தைத் தெரிந்து குடியேறியவனின் அறிவு அவர்க்கும் புலனாகும்.